கிடைக்காத தேடலுக்கும் மதிப்பெண் போடுங்கள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் சிலர் பி.எஸ்சி. இயற்பியல் எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவியால்தான் இந்த மடல்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிகளுக்காக நடக்கும் பன்னாட்டுச் சிறுகோள் தேடல் முகாம் ஒன்றில் எங்கள் பள்ளி சேர்ந்தது. ஹவாயில் ஹலேயகாலா மலை உச்சியில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்பி வைப்பார்கள். வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள். ஆஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். எது நகர்கிறதோ அது நம் சூரியக் குடும்பத்துப் பொருள். ஆய்வகத்தின் பழைய லேப்டாப்பில் வெளிச்சம் விழாமல் இருக்க ஜன்னலுக்கு ஒரு பெட்ஷீட்டைக் கட்டிவிட்டு மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பார்ப்பார்கள். வானத்தை வெள்ளையாகவும் நட்சத்திரத்தைக் கறுப்பாகவும் மாற்றிப் போட்டால் கண்ணுக்குச் சுலபம் என்பதை அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

மூன்றாவது வாரம் அவள் ஒரு புள்ளியைக் காட்டினாள். கடுகில் பாதி இருக்கும். நான்கு படத்திலும் ஒரே நேர்கோட்டில், ஒரே அளவு தள்ளித் தள்ளி இருந்தது. கேமராவின் கெட்டுப்போன பிக்சலாக இருக்குமோ என்று நான் சந்தேகப்பட்டேன். கெட்ட பிக்சல் என்றால் ஊசிக்குத்துபோல ஒரே கட்டத்தில் இருக்கும், இது பக்கத்து நட்சத்திரம் மாதிரியே ஓரம் மங்கிப் பரவியிருக்கிறது பாருங்கள் என்று எனக்கு அவள் விளக்கினாள். அது ஏற்கெனவே பட்டியலில் இருந்த சிறுகோள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "அப்போ நான் பாத்தது நிஜம்தான் சார்" என்றாள்.

கல்லூரியில் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் வந்தபோது, நெப்டியூனுக்கு அப்பால் மெதுவாக நகரும் பொருள்களைப் பொதுவெளியில் கிடைக்கும் வானப் படங்களில் தேடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வானத்தில் எந்த இடம், எந்தெந்த இரவுகளின் படங்கள் என்பதுவரை பட்டியல் போட்டிருந்தாள். துறையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: "கிடைக்கலைன்னா எதுக்கும்மா மார்க் போடறது?" அவளிடம் பதில் இல்லை. அப்புறம் ஐந்து பேராகச் சேர்ந்து ப்ராஜெக்ட் சென்டரில் காசு கட்டி, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் ஒரு போர்டை வாங்கினார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கையும் அங்கேயே கிடைத்தது. வைவாவில் பஸ்ஸர் அடித்தது, நல்ல மதிப்பெண் வந்தது. பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அவள் இதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. வெளித்தேர்வாளர் வருவார், "அவுட்புட் எங்கே" என்பார், துறைத்தலைவர் எதையாவது காட்டியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு அவளால் சொல்ல முடியாத பதிலை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நெப்டியூனுக்கு அப்பால் கோள் தேடும் வேலையின் வரலாற்றில் பெரும்பகுதி கிடைக்காத தேடல்தான். புளூட்டோவை 1930 பிப்ரவரி 18 அன்று கண்டுபிடித்த கிளைடு டோம்பா அப்போது 24 வயது விவசாயி மகன், கல்லூரிப் பட்டம் கிடையாது. அதே ஆண்டு ஜனவரி 23, 29 ஆகிய இரண்டு இரவுகளில் எடுத்த கண்ணாடித் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் நகர்ந்த புள்ளியைப் பிடித்தார். எங்கள் பிள்ளைகள் லேப்டாப்பில் செய்த அதே வேலை. இவ்வளவும் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். கண்டுபிடித்த பிறகும் அவர் 13 ஆண்டுகள் அதே வேலையைத் தொடர்ந்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை. 1943 வரை தகடு தகடாகப் பார்த்தார். இன்னொரு கோள் கிடைக்கவில்லை. அந்த 13 ஆண்டுகளை யாரும் வீண் என்று எண்ணவில்லை. இவ்வளவு வெளிச்சத்துக்கு மேல், இவ்வளவு தூரத்துக்குள், இன்னொரு கோள் இல்லை என்பது அந்த உழைப்பால்தான் உறுதியானது.

அவர் தேடத் தொடங்கியதே அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் கணித்த 'கோள் எக்ஸ்' என்ற ஒன்றை. யுரேனஸின் பாதையில் கணக்குக்கு வராத சிறு பிசகு இருக்கிறது, அதை இழுக்கும் கோள் ஒன்று வெளியே இருக்க வேண்டும் என்பது வாதம். புளூட்டோவின் நிறை அதற்குப் போதவே போதாது என்று பின்னாளில் தெரிந்தது. 1989-ல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனைக் கடந்தபோது நெப்டியூனின் நிறை துல்லியமாகக் கிடைத்தது. 1993-ல் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் என்ற வானியலாளர் அந்த நிறையைப் போட்டு மறுபடி கணக்கிட்டார். பிசகு காணாமல் போயிற்று. லோவெலின் கோள் எக்ஸ் அத்தோடு முடிந்தது. எதையும் கண்டுபிடிக்காத அந்தக் கணக்கு, இந்தத் துறையின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று.

இப்போது நடக்கும் தேடலும் அதே மாதிரிதான். 2016 ஜனவரியில் கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் பாட்டிகின், மைக் பிரவுன் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டைக்கு வெளியே மிக நீண்ட பாதையில் சுற்றும் ஆறு பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, பூமியைப் போலப் பத்து மடங்கு நிறையுள்ள ஒரு கோள் வெளியே இருந்தால் இது நடக்கும் என்றார்கள். ஒன்பதாம் கோள் என்ற பெயர் அப்படித்தான் பரவியது. நாம் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் பார்த்தோமோ அந்தப் பக்கத்துப் பொருள்கள்தானே அதிகம் கிடைக்கும், சாய்வு வானத்தில் இல்லை, நம் பார்வையில்தான் இருக்கிறது என்று வேறு குழுக்கள் மறுத்தன. விவாதம் இன்னும் முடியவில்லை. 2025 ஜூலையில் ஜப்பானின் சுபாரு தொலைநோக்கிக் குழு அறிவித்த 2023 கே.கியூ.14 என்ற பொருளின் பாதை அந்தச் சாய்வோடு ஒத்துப்போகவில்லை.

இந்தப் பத்தாண்டில் பிரவுனும் பாட்டிகினும் என்ன வெளியிட்டார்கள் என்று பாருங்கள். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் ஸ்விக்கி என்ற கணக்கெடுப்பு நடக்கிறது. அது பொதுவெளியில் போட்ட தரவை எடுத்து அலசி, தங்கள் கோள் இருக்கக்கூடிய வாய்ப்புகளில் பாதிக்கு மேல் இங்கே இல்லை என்று 2022-ல் எழுதினார்கள். 2024-ல் பான்-ஸ்டார்ஸ் தரவையும் அலசி, மொத்தம் 78 சதவீதம் கழிந்துவிட்டது என்று எழுதினார்கள். தாங்கள் இருக்கிறது என்று நம்பும் கோளை, தாங்களே தேடி, இங்கே இல்லை, இங்கேயும் இல்லை என்று வரிசையாக அச்சிடுகிறார்கள். மதிப்புமிக்க ஆய்விதழ்கள் அதை வாங்கிப் போடுகின்றன. கெவின் லூமன் 2014-ல் வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களை அலசிச் சொன்னதும் ஒரு 'இல்லை'தான்: சனி அளவுள்ள கோள் எதுவும் 10,000 வானியல் அலகுக்குள் இல்லை, வியாழன் அளவுள்ள கோள் எதுவும் 26,000 அலகுக்குள் இல்லை (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). ஒளிந்திருக்கும் இராட்சதக் கோளைப் பற்றி உலவிய எத்தனையோ கதைகளுக்கு அந்த ஒரு கட்டுரை போதும்.

சரி, வெறுமனே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், பையன் தேடினானா தூங்கினானா என்று எப்படித் தெரியும்? இது உண்மையான சிக்கல். இதற்கு வானியலாளர்களிடம் நல்ல வழி இருக்கிறது. ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போட அதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருத்தி, மற்றவர்களுக்குத் தெரியாமல், படங்களில் போலிப் புள்ளிகளைப் பதித்துவிடுவாள். பக்கத்து நட்சத்திரத்தின் மங்கலையே நகல் எடுத்து, கொஞ்சம் வெளிச்சம் குறைத்து, ஒவ்வொரு இரவுக்கும் எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவு தள்ளி வைப்பாள். பைத்தானில் சில வரிகள் போதும். சில புள்ளிகள் பளிச்சென்று இருக்கும், சில கண்ணுக்கே தட்டுப்படாத அளவு மங்கலாக இருக்கும். மற்ற நால்வரும் தேடுவார்கள். கடைசியில் அவள் தன் பட்டியலைப் பிரிப்பாள். 40 போலிகளில் 31 பிடித்தீர்கள், 20 மேக்னிட்யூட் வரை (வெளிச்சத்தின் அளவு இது, எண் கூடக் கூட மங்கல்) ஒன்றும் தப்பவில்லை, அதற்கு மேல் மங்கலானதில் பாதி தப்பிவிட்டது என்று தெரியும். இப்போது அந்த நால்வர் எழுதும் 'கிடைக்கவில்லை' என்ற வாக்கியத்துக்கு எடை வந்துவிடுகிறது. வானத்தின் இந்தத் துண்டில், இந்த வெளிச்சத்துக்கு மேல், இந்த வேகத்தில் நகரும் பொருள் எதுவும் இல்லை என்று எண்ணோடு சொல்லலாம். பிரவுனும் பாட்டிகினும் கணினியில் ஒரு லட்சம் கற்பனைக் கோள்களை உண்டாக்கி, அவற்றில் எத்தனை பிடிபட்டிருக்கும் என்று பார்த்துத்தான் அந்த 78 சதவீதத்துக்கு வந்தார்கள். அளவு வேறு, முறை ஒன்றுதான்.

வெளித்தேர்வாளருக்குக் காட்ட வரைபடம் இருக்கிறது, பிழை எல்லை இருக்கிறது, வைவாவில் குடைந்து குடைந்து கேட்க இயற்பியல் இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு நகரும் என்று கேட்கலாம். ஆலங்காயம் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஓரத்துப் புளியமரம் பின்னால் ஓடுகிறது, ஜவ்வாது மலை கூடவே வருவதுபோல் இருக்கிறது. வானத்திலும் அதேதான். பூமி என்ற பஸ் ஒரு நாளில் சூரியனைச் சுற்றி ஏறத்தாழ ஒரு பாகை ஓடுகிறது. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும்போது, 50 வானியல் அலகு தூரத்திலுள்ள மக்கேமக்கே போன்ற குறுங்கோள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் ஆர்க் நிமிடம் நகர்ந்ததாகத் தெரியும், அதாவது முழுநிலவின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. 500 அலகில் ஒரு கோள் இருந்தால் ஒரு நாளைக்கு 7 ஆர்க் செகண்ட்தான் (ஓர் ஆர்க் நிமிடத்தில் அறுபது ஆர்க் செகண்ட்). அரை மணி நேரத்தில் அது ஒரு பிக்சல்கூடத் தாண்டாது. அதனால்தான் பள்ளி முகாமில் பார்த்ததுபோல ஒரே இரவுப் படங்களை வைத்து அதைப் பிடிக்க முடியாது, பல இரவுகளை ஒப்பிட வேண்டும். வெளிச்சமும் கேட்கலாம். சூரிய ஒளி போகும்போது ஒரு முறை தூரத்தின் இருமடிக்குக் குறைகிறது, திரும்பி வரும்போது இன்னொரு முறை. ஆக நான்மடி. நெப்டியூனையே தூக்கி 500 அலகில் வைத்தால் 70,000 மடங்குக்கு மேல் மங்கிவிடும். இத்தனையும் பி.எஸ்சி. மாணவர் கரும்பலகையில் போடக்கூடிய கணக்கு.

பெரிய ஆட்கள் பெரிய தொலைநோக்கியில் செய்யும் வேலை இது, நம் பிள்ளைகள் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். 2025 மே மாதம் 2017 ஓ.எஃப்.201 என்ற பொருளை அறிவித்தார்கள். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விட்டம். சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 25,000 ஆண்டு. பிரின்ஸ்டனில் உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சிஹாவ் செங், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் ஜியாஷுவான் லி, எரிதாஸ் யாங் மூவரும் கண்டுபிடித்தார்கள். இதற்காக அவர்கள் ஒரு புதுப் படம்கூட எடுக்கவில்லை. சிலியிலும் ஹவாயிலும் உள்ள தொலைநோக்கிகள் வேறு வேலைக்காக எடுத்து, பொதுவெளியில் போட்டிருந்த பழைய படங்களில், ஏழு ஆண்டுகளில் 19 படங்களில் அந்தப் புள்ளி இருந்தது. உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்த்திருக்கலாம். அந்தப் பொருள் தன் சுற்றுக்காலத்தில் நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் நம் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் இப்போது கண்ணில் படாமல் தொலைவில் இருப்பவை எத்தனையோ.

படத்தில் இருந்தும் பார்க்காமல் விட்ட கதை இந்தத் துறையில் புதிதல்ல. கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சாலிஸ் 1846 ஆகஸ்டில் நெப்டியூனை இரண்டு முறை குறித்து வைத்திருந்தார், ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோகான் காலே அதைக் கண்டுபிடித்தார். அன்றிரவு கூட இருந்த 24 வயது மாணவர் ஹைன்ரிக் டாரஸ்ட்தான், அலமாரியில் இருக்கும் புதிய நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிடலாமே என்று சொன்னவர். வரைபடத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம் வானத்தில் இருந்தது. டோம்பா பின்னாளில் வேலை பார்த்த லோவெல் ஆய்வகமும் 1915-லேயே புளூட்டோவைப் படம் பிடித்திருந்தது, ஆனால் அங்கே யாருக்கும் அது தெரியவில்லை.

நமக்கும் இந்த வானத்தில் பங்கு உண்டு. எங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் தெரியும் மலைக்குப் பின்னால்தான் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்னால் அந்த நட்சத்திரம் மங்கியதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவில் பல இடங்களில் கிடைத்த இப்படிப்பட்ட பதிவுகளால்தான். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அதே காவலூரில் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் முன்னால் 1861-ல் சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர். நம் மாணவர்களில் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதே இல்லை.

தொலைநோக்கி வேண்டாம். நிதி வேண்டாம். ஒரு லேப்டாப், ஓரளவு இணையம், ஒரு செமஸ்டர் பொறுமை. வழிகாட்டும் பேராசிரியருக்கு வானியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எனக்கும் தெரியாது. அந்த முகாமில் பிள்ளைகளோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன், பல நாள் அவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கோள் கிடைக்கும் என்று மட்டும் யாருக்கும் ஆசை காட்ட வேண்டாம். கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு தொடங்கட்டும். முதல் மாதம் தெரிந்த பொருள் ஒன்றைப் பிடிக்கட்டும். மக்கேமக்கே நல்ல தேர்வு, 17 மேக்னிட்யூட் வெளிச்சம் உண்டு. நாலைந்து இரவுகளில் அதன் இடத்தை அளந்து, நகர்வை வைத்து தூரத்தைக் கணக்கிட்டால் 50 அலகுக்குச் சற்று மேல் வர வேண்டும். வந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தங்கள் கணக்கின்மேல் நம்பிக்கை வந்துவிடும். பிறகு போலிப் புள்ளிகள், பிறகு உண்மைத் தேடல்.

காலம் வேறு கூடி வருகிறது. சிலியின் செர்ரோ பச்சோனில் வேரா ரூபின் வானாய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூன் 23 அன்று வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. சுமார் பத்து மணி நேரப் பார்வையிலேயே அதுவரை யாரும் பார்க்காத 2,104 சிறுகோள்களைப் பிடித்தது. பத்து ஆண்டுகள் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கப் போகிறது. ஒன்பதாம் கோள் இருந்தால் அநேகமாக அதில் சிக்கும், இல்லாவிட்டால் இல்லை என்பது ஏறக்குறைய உறுதியாகும். மாறுவது, நகர்வது எதைக் கண்டாலும் சில நிமிடங்களில் உலகத்துக்கே அறிவிப்பு விடும் ஏற்பாடு அதில் இருக்கிறது. இன்று உங்கள் முதலாம் ஆண்டில் இருக்கும் மாணவர் முனைவர் பட்டம் முடிக்கும்போதும் அந்தக் கணக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தரவைக் கையாளத் தெரிந்தவராக அவர் போவாரா என்பது உங்கள் துறை அனுமதிக்கும் ப்ராஜெக்டைப் பொறுத்தது.

நான் கேட்பது ஒன்றுதான். வரும் கல்வியாண்டில், உங்கள் துறையில் ஒரே ஒரு குழுவுக்கு இந்தத் தேடலை ப்ராஜெக்டாகக் கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'தேடினோம், இந்த எல்லைக்குள் கிடைக்கவில்லை' என்று இருந்தால், எத்தனை போலியைப் பிடித்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். வெளித்தேர்வாளரிடம் அதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சனிக்கிழமைகளில் நான் வரத் தயாராக இருக்கிறேன், எங்கள் மாவட்டம் என்றில்லை, பக்கத்து மாவட்டங்களுக்கும் வருவேன்.

அந்த மாணவி தேர்ந்தெடுத்து வைத்திருந்த வானத்துண்டு சிம்ம ராசிப் பக்கம், பால்வீதியின் நெரிசலிலிருந்து தள்ளி, பிப்ரவரி நள்ளிரவில் உச்சிக்கு வரும் இடம். அதன் ஆயங்களும் எந்தெந்த இரவுகளின் படங்கள் என்ற பட்டியலும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவள் கையெழுத்தில் என்னிடம் இருக்கின்றன. எந்தத் துறை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள் சார் என்று சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
திருப்பத்தூர் மாவட்டம்